நான் கூப்பிடுற பேரு

பெருக்குவதற்காக மேசையைக் கொஞ்சம் நகர்த்தினாள் சின்னவள். அவள் செய்தது அவ்வளவுதான். கம்ப்யூட்டரிலிருந்து எம்பிராய்டரி மெஷினுக்குப் போகும் தடித்த சாம்பல் நிறக் கேபிள் மேசைக்காலில் சிக்கி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்தது. எடுத்துப் பார்த்தால், முனையில் ஊசி ஊசியாக இருந்த கம்பிகளில் இரண்டு முறிந்திருந்தன. ஒன்று மடங்கிக் கிடந்தது.

"அக்கா," என்று கூப்பிட்டாள். மறுபடியும், "அக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன்."

பின்னறையில் நர்ஸ்களின் வெள்ளைக் கோட்டுகளை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்த மூத்தவள், கையில் ஒரு கோட்டோடு அப்படியே வந்தாள். கேபிளைப் பார்த்தாள், சின்னவளைப் பார்த்தாள், கையிலிருந்த கோட்டை மடித்து மேசைமேல் வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சின்னவளுக்கு.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். மூத்தவள் துணி ஆலையில் சூப்பர்வைசராக இருந்தாள். சின்னவள் மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். "எத்தனை நாளைக்கு அடுத்தவன் கல்லாவுல உக்காந்து பில் போடுவே? நமக்குன்னு ஒண்ணு வேணாமா?" என்று நச்சரித்து நச்சரித்து அவளை வேலையை விட வைத்தது மூத்தவள்தான். "ரெண்டு ஓரகத்திங்க சேர்ந்து ஒரு கடையா? ரெண்டே மாசத்துல ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிப்பீங்க, பாக்கத்தானே போறோம்," என்று அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள்.

பல் மருத்துவர் ஒருவரின் மாடிப்படிக்குக் கீழே இருந்த இரண்டு அறைகளைப் பிடித்தார்கள். மெஷினையும் கம்ப்யூட்டரையும் சேர்த்தே பழையதாக வாங்கினார்கள். விற்றவரை அந்தப் பக்கத்தில் எல்லோரும் பேட்ஜ்காரர் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூட பேட்ஜ், காவலாளி சட்டை, ஓட்டல் சிப்பந்தி உடுப்பு என்று பல வருஷம் தைத்தவர். கண்ணில் புரை விழுந்து ஊசிக்கும் நூலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனபோது கடையை மூடிவிட்டார். கம்ப்யூட்டரின் திரை பழுத்த இலை மாதிரி மஞ்சளடித்திருந்தது. உள்ளே எதுவோ எப்போதும் கரகரவென்று அரைத்துக்கொண்டிருக்கும். ஆனால் பெயரை அடித்தால் அதைத் தையலாக மாற்றித் தரும் மென்பொருள் அதற்குள்தான் இருந்தது. அதைச் செய்த கம்பெனி என்றோ மூடிவிட்டது. குறுந்தகடும் கிடையாது. அந்தப் பெட்டி போனால் மெஷின் வெறும் இரும்பு.

மருத்துவமனையில் புதுப் பிரிவு திறக்கப்போகிறார்கள். நர்ஸ்கள் ஒவ்வொருவர் கோட்டிலும் பெயர் தைத்து, நாளை மதியத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அவர்களுக்கு வந்த முதல் பெரிய வேலை அது. பாதிக் கோட்டுகள் இன்னும் பெயரில்லாமல் கிடந்தன.

சின்னவள் கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு மின்சாமான் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மாதிரி இப்பெல்லாம் வர்றதில்லம்மா. இதுக்குப் பதிலா இது இருக்கு. ஆனா சொருகினா உடனே ஓடாது. இந்த சிடியில ஒரு டிரைவர் இருக்கு, அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கணும். சின்ன வேலைதான்."

சின்ன வேலைதான் என்று அவர் சொன்னதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

சிடியைப் போட்டார்கள். திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. இதை நிறுவ அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்ட் வேண்டும் என்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தினமும் காலையில் பொத்தானை அழுத்தினால் 'கடை' என்ற கணக்கு தானாகத் திறந்துகொள்ளும். அதற்கு மேலே இன்னொரு கணக்கு இருப்பதோ, அதற்குப் பூட்டு இருப்பதோ அவர்களுக்குத் தெரியாது.

"வெறுமனே எண்டர் தட்டிப் பாரு," என்றாள் மூத்தவள்.

தட்டினாள். தவறு. ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்தாள். தவறு. அட்மின் என்று அடித்தாள். அதுவும் தவறு.

"போதும் போதும், விடு. தப்புத் தப்பா அடிச்சு அது ஒரேயடியா சாத்திக்கிட்டா என்ன பண்றது?"

மாடியில் பல் மருத்துவரின் கம்ப்யூட்டரைப் பார்க்க வந்திருந்த மெக்கானிக்கைக் கையோடு இறக்கிக் கூட்டிவந்தாள் மூத்தவள். அவர் நின்றபடியே பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"என்னங்க, உள்ள மிளகாய் அரைக்குதா?"

"அது எப்பவும் அப்படித்தான்."

"என்கிட்ட பென் டிரைவ் இருக்கு. அதுல இருந்து கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டா பாஸ்வேர்டையே துடைச்சுடலாம். ஆனா ஒண்ணு. இந்தத் தையல் சாப்ட்வேரை யாரு, எந்த அக்கவுண்ட்ல, எப்படிப் பூட்டி வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. துடைச்சதுக்கு அப்புறம் அது திறக்கலாம், திறக்காமலும் போகலாம். அதுவும் இந்த ஹார்ட் டிஸ்க் சத்தத்தைக் கேட்டா, அணைச்சுப் போடவே பயமா இருக்கு. போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது."

"வேற வழி?"

"பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஆளைப் பிடிங்க. அதான் நல்லது." போகிறபோக்கில் திரையைச் சுட்டிக்காட்டினார். "கீழ பாருங்க, குறிப்பு ஏதோ போட்டு வெச்சிருக்காங்க."

கட்டத்துக்குக் கீழே, பொடி எழுத்தில், ஆங்கில எழுத்துகளைக் கோத்துத் தமிழில் ஒரு வரி இருந்தது. சின்னவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "நான் கூப்பிடுற பேரு."

பேட்ஜ்காரரின் வீட்டுக்குப் போன் போட்டாள். அவர் மனைவி எடுத்தார். அன்று காலைதான் அவருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்களாம். கட்டுப் போட்டுக்கொண்டு தூங்குகிறார், எழுப்பக் கூடாது.

"பாஸ்வேர்டா? எனக்கு அதெல்லாம் என்னம்மா தெரியும்?"

"குறிப்பு ஒண்ணு இருக்கும்மா. 'நான் கூப்பிடுற பேரு'ன்னு போட்டிருக்கு. உங்களை அவரு எப்படிக் கூப்பிடுவாரு?"

அந்தப் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "என்னையா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து என் பேரை அவர் வாயால கேட்டதில்ல. 'இந்தா'ம்பாரு. இல்லன்னா 'ஏய் இங்க பாரு'ம்பாரு."

சின்னவள் 'இந்தா' என்று அடித்தாள். எச் போட்டும் அடித்தாள், போடாமலும் அடித்தாள். 'இங்க பாரு' என்று அடித்தாள். எதுவும் இல்லை.

"உங்க பேரையே போட்டுப் பாக்கட்டுமா?"

அந்த அம்மாள் கொஞ்சம் வெட்கத்தோடு தன் பெயரைச் சொன்னார். அதுவும் இல்லை.

"இல்லையாம்மா?"

"இல்லம்மா."

போனில், அந்தப் பக்கம் யாரோ வாளியில் தண்ணீர் பிடிப்பது கேட்டது. பிறகு அந்த அம்மாள் வேறு குரலில் கேட்டார். "நான் கூப்பிடுற பேருன்னுதானே போட்டிருக்கு? வேற ஒண்ணும் போடலையே?"

"இல்லம்மா, அவ்வளவுதான்."

"அப்ப யாரைக் கூப்பிடுறாரு?"

சின்னவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "எழுந்ததும் கேட்டுச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனை வைத்தார்.

"அந்த வரியை எதுக்குடி அப்படியே படிச்சுக் காட்டினே?" என்றாள் மூத்தவள்.

"நான் என்னக்கா கண்டேன்? நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க."

அதுவும் உண்மைதான். மூத்தவள் கோட்டுகளை மறுபடி அடுக்கப் போனாள். அடுக்கியதையே கலைத்து அடுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்துப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த முறை, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வந்தது.

மூத்தவள் போனை மேசையில் வைத்தாள். கோட்டு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு வீட்டில் நிம்மதியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டோமோ? கண்ணில் கட்டோடு படுத்திருக்கும் மனுஷனை அந்த அம்மாள் என்ன கேட்டிருப்பார்? அவர் என்ன சொல்லியிருப்பார்? உண்மையிலேயே அப்படி ஏதாவது இருந்தால்?

"நான் நேர்ல போறேன். நீ இங்கயே இரு. அதை அணைச்சுக் கிணைச்சு வெச்சுடாதே," என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்தாள் மூத்தவள்.

வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்த அந்த அம்மாளின் கண்ணிமைகள் வீங்கியிருந்தன. உள்ளே கூப்பிடாமல், கதவை லேசாகச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நின்றார்.

"கேட்டீங்களாம்மா?" என்றாள் மூத்தவள், கிசுகிசுப்பாக.

"ரெண்டு தடவை பக்கத்துல போயிட்டேன். வாய் வரல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கடையை மூடினதுல இருந்து மனுஷன் பேசறதே இல்ல. கூப்பிட்டா உம்ங்கறாரு. கண்ணு போச்சேங்கற கவலைன்னு நெனச்சேன். இப்பத்தானே தெரியுது, கவலை வேற என்னமோன்னு."

"அப்படியெல்லாம் இருக்காதும்மா."

"நீ கண்டியா?"

மூத்தவள் கைப்பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நீயே கேளு. நான் பக்கத்துல நிக்கிறேன். என்ன வந்தாலும் என் காதால கேட்டுக்கறேன்."

திரும்பிப் பஸ் ஏறிவிடலாமா என்றுகூட மூத்தவளுக்குத் தோன்றியது. பென் டிரைவ்காரரையே கூப்பிட்டுத் துடைக்கச் சொல்லிவிடலாம். ஆனால் இப்போது போய்விட்டால் இந்த அம்மாள் இந்தக் கேள்வியோடு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

பேட்ஜ்காரர் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. ஒரு கண்ணில் வெள்ளைக் கட்டு, இன்னொரு கண்ணை மூடியிருந்தார்.

"ஐயா, நான் மெஷின் வாங்கினவங்க. பெரியவ."

"வாம்மா. ஊசி உடையுதா?"

"இல்லைங்கய்யா. கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேக்குது. நீங்க போட்ட குறிப்புல 'நான் கூப்பிடுற பேரு'ன்னு இருக்கு." பின்னால் வந்து நின்ற அந்த அம்மாளை ஒருமுறை பார்த்தாள். "அது யாரு பேருங்கய்யா?"

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி அங்கே நிற்கிறாரா என்று கேட்பதுபோல் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினார்.

"அது நான் போட்டதில்லம்மா," என்றார். "பாப்பா போட்டது."

கதவோரம் நின்ற அந்த அம்மாளின் கை நிலையைப் பிடித்துக்கொண்டதை மூத்தவள் பார்த்தாள்.

"கம்ப்யூட்டரை வாங்கி, எல்லாத்தையும் ஏத்திக் குடுத்தது அவதான். நான் குழப்பிடுவேன்னு எனக்குத் தனியா ஒரு அக்கவுண்ட் போட்டுக் குடுத்தா. குறிப்பை எழுதினதும் அவதான். நான் கூப்பிடுற பேருன்னா, அவ என்னைக் கூப்பிடுற பேரு. சட்டையெல்லாம் நூலோட வீட்டுக்கு வருவேன்ல, சின்னப்புள்ளையில 'நூலப்பா, நூலப்பா'ம்பா."

மூத்தவள் மூச்சை விட்டாள். ஆனால் அந்த அம்மாளின் முகம் இளகவில்லை. தனக்கு வேண்டாத ஒருவனோடு மகள் போய்விட்ட அன்று, இனி அவள் பேச்சே இந்த வீட்டில் வரக் கூடாது என்று சொன்னவர் அவர்தான். வரவும் இல்லை. போன் வந்ததிலிருந்து தன் புருஷன் யாரைக் கூப்பிடுகிறார் என்று ஊரிலுள்ள பெண்களையெல்லாம் எண்ணிப் பார்த்தவருக்கு, பெற்ற மகள் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அது அவருக்கே அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது போலிருந்தது.

மூத்தவள் சின்னவளுக்குப் போன் செய்தாள். "நூலப்பா. அடிச்சுப் பாரு."

சின்னவள் இரண்டு ஓ போட்டு அடித்தாள். ஒரு யூ போட்டு அடித்தாள். ஒரு பி, இரண்டு பி. முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டும் பார்த்தாள். "எதுவும் எடுக்கலக்கா. நிறுத்திடட்டுமா?"

"நிறுத்து."

பேட்ஜ்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "எப்படி எழுதினான்னு அவளைத்தான் கேக்கணும்."

"நம்பர் இருக்குங்களாய்யா?"

அவர் யோசிக்கவே இல்லை. கடகடவென்று சொன்னார்.

"மனப்பாடமா?" என்றார் அந்த அம்மாள். அவர் வாயைத் திறந்தது அப்போதுதான். "உங்களுக்கு நம்பர் எப்படித் தெரியும்?"

"கடையில இருந்து பேசுவேன்."

"எத்தனை நாளா?"

"கடை இருந்த வரைக்கும்."

மூத்தவளுக்கு அங்கிருந்து மாயமாகி விட்டால் தேவலை என்றிருந்தது. ஆனால் எண்ணை அழுத்திவிட்டாள், மணியும் அடிக்கத் தொடங்கிவிட்டது. விரல் பட்டு ஸ்பீக்கரும் ஆன் ஆகிவிட்டது.

"ஹலோ, யாரு?"

"உங்கப்பா கடை மெஷினை வாங்கினவங்கம்மா. அதோட கம்ப்யூட்டர்…"

"அப்பாவுக்கு என்ன ஆச்சு?" குரல் சட்டென்று உயர்ந்தது. "கடை போனை யாரும் எடுக்கறதே இல்ல. வந்து பாத்தேன், ஷட்டர் சாத்தியிருக்கு. வீட்டுக்கு எப்படி வர்றது? யாரைக் கேக்கறது? சொல்லுங்க, அப்பா இருக்காரா?"

"இருக்காரும்மா, நல்லா இருக்காரு. பயப்படாதீங்க. கண் ஆபரேஷன் ஆகியிருக்கு, அவ்வளவுதான்." மூத்தவள் போனை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தாள். "எனக்குப் பாஸ்வேர்ட் வேணும். நூலப்பாவை எப்படி எழுதினீங்க?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம். "ஓ போடக் கூடாது. ரெண்டு ஜீரோ. என் ஜீரோ ஜீரோ எல், அப்புறம் அப்பா, ரெண்டு பி. யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி போடுன்னு அப்பாதான் சொன்னாரு. எழுதி வைங்கப்பான்னேன், மறக்காதுன்னாரு. பக்கத்துல இருக்காரா?"

பேட்ஜ்காரர் உதட்டை அழுத்தி மூடிக்கொண்டிருந்தார். மனைவி இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், பார்க்க முடியாவிட்டாலும். மூத்தவள் போனை நீட்டியபடியே நின்றாள், யாரிடம் நீட்டுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த அம்மாள் இரண்டு எட்டு வைத்து வந்தார். போனைக் கையில் வாங்கவில்லை. குனிந்து, அதைப் பார்த்துச் சொன்னார்.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நாளைக்குக் கட்டு அவுக்கறாங்க. கண்ணுக்கு ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று சமையலறைக்குள் போய்விட்டார். போனில், மிக மெதுவாக, "அம்மாவா?" என்று கேட்டது.

மூத்தவள் போனைப் பேட்ஜ்காரரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு மாடிப்படிக்கு வந்து நின்றாள். உள்ளே அவர் பேசுவது கேட்டது, என்ன என்று கேட்கவில்லை. போன் கைக்குத் திரும்பி வந்தபோது சூடாக இருந்தது. அங்கேயே நின்று சின்னவளைக் கூப்பிட்டாள்.

"என். அப்புறம் ஜீரோ, ஓ இல்ல, நம்பர் ஜீரோ. இன்னொரு ஜீரோ. எல். ஏ. பி, பி. ஏ."

கீபோர்டைத் தட்டும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பிறகு நின்றது.

"என்னடி ஆச்சு?"

"சுத்துதுக்கா. இன்னும் சுத்துது."

"அரைக்குதா?"

"அரைக்குது. அக்கா, நின்னுடுச்சு."

"நின்னுடுச்சுன்னா?"

"உள்ள போயிடுச்சுக்கா! கட்டம் போயிடுச்சு! டிரைவர் ஏறுது!" பின்னால் ஏதோ தட்டிவிட்டு உருளும் ஓசை. கத்தரிக்கோலாக இருக்கும்.

மூத்தவள் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் திரும்பியபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் ஒரு கோட்டை வளையத்தில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீல நூலில் யாரோ ஒரு நர்ஸின் பெயர் எழுந்து வந்துகொண்டிருந்தது. இருட்டுவதற்குள் முக்கால்வாசி முடித்தார்கள், மீதியைக் காலையில். மருத்துவமனையில் மேற்பார்வையாளர் ஒரு கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நீலம் இன்னும் கொஞ்சம் அடர்த்தியா இருந்திருக்கலாம்," என்றார். அதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் வெளியே வந்து, வாசலைத் தாண்டும்வரை வாயை மூடிக்கொண்டு, அப்புறம் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மெக்கானிக் வந்து, மென்பொருளை அப்படியே வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்துக் கொடுத்தார். பாஸ்வேர்டை மாற்றிவிடலாம் என்றார். என்ன போடுவது என்று ஓரகத்திகள் இருவரும் அரை மணி நேரம் வாக்குவாதம் செய்தார்கள். கடைசியில் இப்போதைக்கு இருப்பதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் மூத்தவளுக்கு ஒரு போன் வந்தது. பேட்ஜ்காரரின் மனைவி.

"மெஷின் ஓடுதாம்மா?"

"நல்லா ஓடுதும்மா. ஐயாவுக்குக் கண்ணு?"

"தெரியுது. பேப்பர் படிக்கிறாரு. என் தலை நரைச்சிருக்குன்னு இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காரு." குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, அன்னைக்கு நீ ஒரு நம்பருக்குப் போட்டியே. அது உன் போன்ல இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. ஏன், ஐயாவுக்குத்தான் மனப்பாடமாத் தெரியுமே?"

"அவரைக் கேட்டா, என்னமோ நானே இறங்கி வந்துட்ட மாதிரி ஆடுவாரு. நீ சொல்லு, நான் எழுதிக்கறேன்."

மூத்தவள் எண்ணை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்த அம்மாள் ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு, போனை வைத்தார்.